முகப்பில் ‘லெகூல்த்ர்’ என்று மட்டும் இருந்தால் அது போலியா? ஜேஜர்-லெகூல்த்ர் நிறுவனத்தின் வரலாறும் கடிகாரங்களும்

உங்கள் பெரியப்பா 1950களில் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பியபோது வாங்கிவந்த கைக்கடிகாரம் ஒன்று வீட்டில் இருப்பதாகவும், அதன் முகப்பில் ‘லெகூல்த்ர்’ (LeCoultre) என்ற ஒரே சொல் இருப்பதாகவும், வழக்கமாக ஒரு குமிழ் இருக்கும் பக்கத்தில் இரண்டு குமிழ்கள் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில், ‘ஜேஜர்’ என்ற முன்பெயர் இல்லாததால் இது போலி என்று சொல்லிவிட்டார்களாம். ஜேஜர்-லெகூல்த்ர் என்ற இந்தச் சுவிஸ் நிறுவனம் எப்படிப்பட்டது, ரோலக்ஸ், ஒமேகா அளவுக்கு ஏன் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடிகாரம் உண்மையானதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அதை ஏன் இவ்வளவு உறுதியோடு சொல்கிறேன் என்பது விளங்க வேண்டுமானால், இந்த நிறுவனத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். இது தன் பெயரைவிடத் தன் வேலையால் வாழ்ந்த நிறுவனம். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இவர்கள் செய்த நுட்பமான வேலைகளில் பெரும்பகுதி மற்றவர்களின் பெயர் பொறித்த கடிகாரங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சுவிட்சர்லாந்தின் மேற்கு எல்லையில், பிரான்ஸை ஒட்டி, ஜுரா மலைத்தொடருக்குள் ஜூ பள்ளத்தாக்கு இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம், குளிர்காலம் நீண்டது, ஏரி உறைந்துவிடும், பனி பாதைகளை அடைத்துவிடும். கோடையில் மாடு மேய்த்துப் பாலாடைக்கட்டி செய்த குடும்பங்கள், வெளியே போக முடியாத மாதங்களில் சன்னலோரம் மேசை போட்டுக் கடிகாரத்தின் சிறு உறுப்புகளைச் செய்து ஜெனீவாவுக்கு அனுப்பத் தொடங்கின. மணியடிக்கும் கடிகாரம், நாள்காட்டிக் கடிகாரம், ஸ்டாப்வாட்ச் போல ஓட்டநேரம் அளக்கும் கடிகாரம் என்று சிக்கல் மிகுந்தவை எல்லாம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் பிறக்கின்றன என்ற பெயர் இப்படித்தான் வந்தது. லெகூல்த்ர் குடும்பம் 16ஆம் நூற்றாண்டில், சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி பிரான்ஸிலிருந்து வந்த புராட்டஸ்டன்ட் குடும்பம். அவர்கள் வேரூன்றிய ல சாந்தியே என்ற சிற்றூரில்தான் இன்றைக்கும் தொழிற்சாலை இயங்குகிறது.

1803இல் பிறந்த அந்துவான் லெகூல்த்ர், தந்தையின் பட்டறையில் உலோக வேலை கற்றவர். கடிகாரத்துக்குள் பினியன் என்றொரு உறுப்பு உண்டு. அது எஃகால் ஆன, மிகச் சில பற்களே கொண்ட சின்னஞ்சிறு பல்சக்கரம். பெரிய சக்கரத்தின் விசையை அடுத்த சக்கரத்துக்குக் கடத்துவது அதன் வேலை. கையால் அரம் வைத்து ராவிச் செய்தபோது ஒரு பினியன் இன்னொன்றைப் போல இருக்காது. பற்களின் இடைவெளி மயிரிழை மாறினாலும் உரசல் கூடி, கடிகாரம் தவறான நேரம் காட்டும். பினியன்களை ஒரே அளவில் வெட்டித் தரும் பொறி ஒன்றை அந்துவான் உருவாக்கி, 1833இல் தனிப் பட்டறை தொடங்கினார். நிறுவனம் தன் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகிறது.

ஒரே அளவில் வெட்டினால் போதாது, வெட்டியது ஒரே அளவுதானா என்று அளந்து பார்க்கவும் வேண்டும். கடிகாரத் தொழிலில் அன்று புழங்கியது ‘லீன்யு’ என்ற பழைய பிரெஞ்சு அளவு. ஒரு லீன்யு ஏறத்தாழ 2.26 மில்லிமீட்டர். அதன் பின்னங்களைக் கொண்டு நுட்பமான வேலை செய்வது கடினம். 1844இல் அந்துவான் மெட்ரிக் முறையைப் பின்பற்றி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்து, மைக்ரான் அளவுவரை அளக்கும் கருவியைச் செய்தார். ‘மில்லியோனோமீட்டர்’ என்று அதற்குப் பெயரிட்டார். இந்த நிறுவனத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் இதுதான். விலையுயர்ந்த கடிகாரம் என்றதும் நமக்குத் தங்கமும் வைரமும் நினைவுக்கு வருகின்றன. இவர்களின் முதல் செல்வமோ ஓர் அளவுகோல்.

1847இல் அவர் செய்த இன்னொன்றை நம் மொழியோடு சேர்த்தே சொல்லலாம். கைக்கடிகாரத்துக்குச் ‘சாவி கொடுப்பது’ என்று இன்றும் சொல்கிறோம். அன்றைய சட்டைப்பைக் கடிகாரங்களுக்கு உண்மையிலேயே தனிச் சாவி இருந்தது. அது தொலைந்தால் கடிகாரம் நின்றது. அந்துவான், கடிகாரத்தின் தலையிலுள்ள குமிழைக் கொண்டே சுருள்வில்லை முறுக்கவும், ஒரு சிறு பொத்தானை அழுத்தி முட்களைத் திருப்பவும் வழி செய்தார். அதே காலத்தில் பாரிஸில் அத்ரியான் ஃபிலிப் என்பவரும் தனி வழியில் இதே சிக்கலைத் தீர்த்தார். பின்னாளில் ஜெனீவாவின் படேக் ஃபிலிப் என்ற கடிகார நிறுவனப் பெயரின் பிற்பாதி ஆனவர் அவர். ஆகையால் சாவியை ஒழித்தவர் அந்துவான் ஒருவரே என்று எழுதுவது முறையாகாது. 1851இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அந்துவானின் பணிக்குப் பதக்கம் கிடைத்தது.

1866இல் அவரும் மகன் எலி லெகூல்த்ரும் எடுத்த முடிவு பள்ளத்தாக்கின் வாழ்க்கையையே மாற்றியது. அதுவரை ஒரு வீட்டில் சக்கரம், இன்னொரு வீட்டில் திருகு, மூன்றாவது வீட்டில் அடித்தகடு என்று வேலை சிதறிக் கிடந்தது. அவை அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, விரைவில் நீராவிப் பொறியையும் அதற்கு இணைத்தார்கள். கைவினைஞர்கள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்தபோது, ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்கும் தெரியவந்தது. அதன் விளைச்சல் எண்ணிக்கையில் தெரியும்: 1860 முதல் 1900 வரை 350க்கும் மேற்பட்ட வகை மெஷின்களை உருவாக்கினார்கள். (கடிகாரத்தின் உள்ளே இருக்கும் முழு இயக்கத் தொகுதியையும் பழுது பார்ப்போர் மெஷின் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.) அவற்றில் 128 ஓட்டநேரம் அளப்பவை, 99 பொத்தானை அழுத்தினால் மணியோசையால் நேரம் சொல்பவை. மின்விளக்கு இல்லாத காலத்து இரவில், இருட்டிலேயே நேரம் அறிய வேண்டியவர்களுக்காக வந்த இந்த மணியோசை மெஷின்கள் இன்றும் கடிகாரக் கலையின் கடினமான தேர்வாகவே கருதப்படுகின்றன.

இந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றில் லெகூல்த்ர் பெயர் வெளியே தெரியாது. அவற்றை வாங்கி மெருகேற்றி, உறைக்குள் வைத்துத் தம் பெயரைப் பொறித்துக்கொண்டவர்கள் ஜெனீவாவின் பெரிய நிறுவனங்கள். 1902 முதல் சுமார் 30 ஆண்டுகள் படேக் ஃபிலிப் பயன்படுத்திய அடிப்படை மெஷின்களில் பெரும்பகுதி ல சாந்தியேவிலிருந்துதான் போயின. இதை ஏமாற்று என்று எண்ண வேண்டாம். அன்றைய தொழில் ஒழுங்கே அப்படித்தான் இருந்தது. வாங்கியவர்களின் மெருகு வேலையும் சரிசெய்தலும் தனிக் கலை. ஆனால் நீங்கள் கேட்ட ‘ஏன் யாரும் பேசுவதில்லை’ என்ற கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

இனி ‘ஜேஜர்’ வருகிறார். எத்மோன் ஜேஜர், அல்சாஸ் பகுதியில் பிறந்து பாரிஸில் தொழில் நடத்தியவர். பிரெஞ்சுக் கடற்படைக்குக் கடிகாரம் செய்து கொடுத்தவர். 1903இல், தாம் வடிவமைத்த மிக மெல்லிய மெஷின்களைச் செய்து தர முடியுமா என்று சுவிஸ் தொழிலாளர்களுக்கு அறைகூவல் விடுத்தார். அந்துவானின் பேரன் ழாக்-தவீத் லெகூல்த்ர் அதை ஏற்றார். இருவரின் உழைப்பில் 1907இல் வந்த 145ஆம் எண் மெஷினின் தடிமன் வெறும் 1.38 மில்லிமீட்டர். கைவிரல் நகத்தின் தடிமனை ஒன்றிரண்டு மடங்கு கூட்டினால் வரும் அந்த இடத்துக்குள் சுருள்வில், சக்கரங்கள், நேரத்தை அளந்து விடும்படி முன்னும் பின்னும் துடிக்கும் பேலன்ஸ் சக்கரம் எல்லாம் அடங்கியாக வேண்டும். அதே ஆண்டு பாரிஸின் நகை நிறுவனமான கார்ட்டியே ஜேஜருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது; கார்ட்டியேவின் புகழ்பெற்ற தொடக்ககாலக் கைக்கடிகாரங்களுக்குள் துடித்தவை லெகூல்த்ர் செய்த மெஷின்கள். இரு பெயர்களும் சட்டப்படி ஒன்றாகி ‘ஜேஜர்-லெகூல்த்ர்’ ஆனது 1937இல்தான். அதற்கு முந்தைய கடிகாரங்களில் இரட்டைப் பெயரைத் தேடுவதில் பொருளில்லை.

மெல்லியதை அடுத்து மிகச் சிறியது. 1929இல் வந்த 101ஆம் எண் மெஷின் 14 மில்லிமீட்டர் நீளமும் 4.8 மில்லிமீட்டர் அகலமும் 3.4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. எடை ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு புளியங்கொட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அதன் நீளம், ஆனால் அதில் பாதி அகலம். உறுப்புகளை இரண்டு அடுக்குகளாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததால்தான் இது முடிந்தது. குமிழுக்குப் பக்கத்தில் இடம் இல்லாததால் அதைப் பின்புறத்துக்கு மாற்றினார்கள். வளையலின் நடுவே ஓர் அணிகல்லைப் போல இருக்கும் இந்தக் கடிகாரத்தை இரண்டாம் எலிசபெத் 1953இல் தம் முடிசூட்டு விழாவில் அணிந்திருந்தார். நூறு ஆண்டுகளை நெருங்கும் இந்த மெஷினை இன்றும் மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்கிறார்கள். சுமார் 98 உறுப்புகள் கொண்ட ஒவ்வொன்றையும் தேர்ந்த கைவினைஞர் ஒருவரே பொருத்தி முடிக்க வேண்டும்.

இந்த நிறுவனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட ரிவெர்சோவின் கதைக்கு இந்தியாவோடு நேர்த் தொடர்பு உண்டு. பல் மருத்துவப் பொருள் வணிகத்தில் பொருளீட்டிய செசார் த த்ரே என்ற சுவிஸ் வணிகர் 1930-31 குளிர்காலத்தில் இந்தியா வந்திருந்தார். அங்கே போலோ ஆடிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள், ஆட்டத்தின்போது மட்டையும் பந்தும் பட்டுக் கடிகாரக் கண்ணாடி நொறுங்கிப் போவதை அவரிடம் காட்டி, இதற்கு ஒரு வழி செய்ய முடியாதா என்று கேட்டார்கள். ஊர் திரும்பிய த த்ரே அதை ழாக்-தவீத் லெகூல்த்ரிடம் சொன்னார். ஜேஜர் நிறுவனத்தின் வழியாகப் பாரிஸ் பொறியாளர் ரெனே-அல்ஃப்ரெத் ஷோவோ உறையை வடிவமைத்தார். 1931 மார்ச் 4 அன்று பாரிஸில் காப்புரிமை விண்ணப்பம் பதிவானது. தன் தாங்கிக்குள் நழுவி முழுவதும் கவிழ்ந்துகொள்ளக்கூடிய கடிகாரம் என்பது அதன் சாரம்.

எளிதாகச் சொன்னால், செவ்வகமான கடிகாரம் ஒரு தட்டையான தொட்டிலில் கிடக்கிறது. விரலால் தள்ளினால் தண்டவாளத்தில் நகர்வதுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து, அச்சில் திரும்பி, முகப்பு கீழேயும் உலோக முதுகு மேலேயுமாக ‘டக்’ என்று உட்கார்ந்துவிடும். கண்ணாடிக்கு அடி படாது. அன்று கண்ணாடி எளிதில் உடையும் என்பதால் மூடி போட்ட கடிகாரம், கம்பிவலை போட்ட கடிகாரம் என்று பலரும் பலவற்றை முயன்றார்கள். ஷோவோ புதிதாக ஒன்றைச் சேர்க்கவில்லை. இருக்கும் முதுகையே மூடியாக்கினார். உறையின் மேலும் கீழும் ஓடும் மூன்று மூன்று வரிக்கோடுகள், அந்தக் காலத்தின் ஆர்ட் டெகோ என்ற வடிவப் பாணியின் அழகுணர்வை அப்படியே தாங்கி நிற்கின்றன. தொடக்க கால ரிவெர்சோக்களுக்கு ஏற்ற செவ்வக மெஷின் லெகூல்த்ரிடம் இல்லாததால், தவான் என்ற வேறு நிறுவனத்தின் மெஷினை வைத்தார்கள். 1933இல்தான் சொந்த மெஷின் வந்தது. எல்லோருக்கும் மெஷின் கொடுத்தவர்கள் தம் புகழ்பெற்ற கடிகாரத்தைக் கடன் வாங்கிய மெஷினோடு தொடங்கினார்கள் என்பது பலர் கவனிக்காத செய்தி.

பாதுகாப்புக்காக வந்த வெறும் முதுகு, விரைவில் எழுதும் பலகையாக மாறியது. பெயரின் முதலெழுத்துகள், குடும்பச் சின்னங்கள், படைப்பிரிவு முத்திரைகள், எனாமல் ஓவியங்கள் என்று ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைப் பொறித்துக்கொண்டார்கள். விமானி அமீலியா இயர்ஹார்ட் 1935இல் மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குத் தனியாகப் பறந்த பாதை ஒரு ரிவெர்சோவின் முதுகில் பொறிக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்றில் இந்தியப் பெண் ஒருவரின் முகம் எனாமலில் தீட்டப்பட்டிருக்கிறது. விரல்நுனி அளவு பரப்பில், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே உலையில் சுட்டு எடுத்த அந்த ஓவியத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், போலோ மைதானத்தில் தொடங்கிய கதை மீண்டும் இந்தியாவுக்கே வந்து சேர்ந்ததுபோல எனக்குத் தோன்றும்.

கையில் கட்டாத ஒரு படைப்பையும் விரிவாகச் சொல்லாமல் விட முடியாது. நெவ்ஷாடேலைச் சேர்ந்த பொறியாளர் ழான்-லெயோன் ரொய்ட்டர் 1928இல் ஒரு மேசைக் கடிகாரத்தை உருவாக்கினார். அதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை, மின்கலமும் இல்லை, காற்றின் வெப்பம் ஏறி இறங்குவதே அதற்கு உணவு. ‘ஆட்மோஸ்’ என்ற பெயரும் வளிமண்டலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முதல் வடிவங்களில் பாதரசமும் அம்மோனியாவும் பயன்பட்டன. 1930களின் நடுவில் தயாரிப்பை ஏற்றுக்கொண்ட லெகூல்த்ர், எத்தில் குளோரைடு வாயு நிரப்பிய மடிப்புப் பெட்டியைக் கொண்டு வந்தது. வெப்பம் கூடினால் வாயு விரிந்து, ஆர்மோனியத்தின் துருத்திபோல அந்தப் பெட்டி நீளும், குறைந்தால் சுருங்கும். அந்தச் சிறு அசைவு ஒரு சங்கிலி வழியாகச் சுருள்வில்லை முறுக்குகிறது. வெப்பம் ஒரே ஒரு பாகை மாறினால் கடிகாரம் இரண்டு நாள் ஓடும்.

இவ்வளவு சிறிய உணவில் அது எப்படி உயிர் வாழ்கிறது? ஆட்மோஸின் ஊசல் இடவலமாக ஆடுவதில்லை. மெல்லிய கம்பியில் தொங்கும் ஒரு வட்டம், முறுகித் தளர்ந்து மெல்லச் சுழன்று திரும்புகிறது. ஒரு நிமிடத்துக்கு இரண்டே வீச்சுகள். இன்றைய சாதாரண ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் நிமிடத்துக்கு 480 முறை துடிப்பதோடு ஒப்பிட்டால் இதன் நிதானம் விளங்கும். மெதுவாக அசைவதால் தேய்மானம் மிகக் குறைவு; சக்கரங்களுக்கு எண்ணெய் வேண்டியதில்லை. 6 கோடி ஆட்மோஸ் கடிகாரங்கள் சேர்ந்து 15 வாட் மின்விளக்கு ஒன்று செலவழிக்கும் ஆற்றலையே செலவழிக்கும் என்று நிறுவனம் கணக்குச் சொல்வதுண்டு. ஆனால் கடிகாரம் முழுமையான சமதளத்தில் நிற்க வேண்டும். அதற்கென்றே அடியில் நீர்மட்டக் குமிழியும் திருகு கால்களும் உண்டு. சுவிஸ் அரசு நாட்டு விருந்தினர்களுக்குப் பரிசாகத் தரும் பொருள் இது. சர்ச்சிலும் கென்னடியும் அதைப் பெற்றவர்கள். காற்றின் மாற்றத்தால் கடிகாரத்தை ஓட்டும் எண்ணம் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் ஜேம்ஸ் காக்ஸ் காற்றழுத்த மாற்றத்தால் ஓடும் பெரிய கடிகாரம் ஒன்றைச் செய்திருந்தார். அதைப் பலர் வீட்டு மேசையில் வைக்கக்கூடிய பொருளாக்கியதுதான் ரொய்ட்டரும் லெகூல்த்ரும் செய்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அழகைவிட உறுதி முதன்மையானது. பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கறுப்பு முகப்புக் கைக்கடிகாரம் செய்து தந்த 12 சுவிஸ் நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. 1948 முதல் பிரிட்டிஷ் விமானப்படை வழிகாட்டிகளுக்காக, காந்தப்புலம் தாக்காதபடி உள்ளே மென்னிரும்பு உறை பொருத்திய மார்க் 11 கடிகாரத்தைச் செய்தவை இரண்டே நிறுவனங்கள், ஐ.டபிள்யூ.சி. ஒன்று, ஜேஜர்-லெகூல்த்ர் மற்றொன்று. அந்த அனுபவம் 1958இல் ‘ஜியோஃபிசிக்’ ஆக வெளிவந்தது. உலகப் புவியியற்பியல் ஆண்டை ஒட்டி வந்த அந்தக் கடிகாரம், வடதுருவத்துப் பனிக்கு அடியே கடந்த நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவருக்குப் பரிசாக அளிக்கப்பட்டது.

உங்கள் வீட்டுக் கடிகாரத்துக்கு நெருக்கமான ஒன்று 1950ஐ ஒட்டி வந்தது. ‘மெமோவாக்ஸ்’ என்ற பெயருக்கு நினைவின் குரல் என்று பொருள். கையில் கட்டும் அலாரக் கடிகாரம் இது. பயன்படுத்தத் தக்க முதல் கை அலாரம் என்ற பெருமை 1947இல் வந்த வல்கேன் நிறுவனத்தின் கிரிக்கெட்டுக்கு உரியது; ஆனால் 1956இல் முதல் ஆட்டோமேட்டிக் அலாரக் கைக்கடிகாரத்தைக் கொடுத்தது ஜேஜர்-லெகூல்த்ர். உள்ளே இரண்டு சுருள்வில்கள். ஒன்று நேரத்துக்கு, மற்றொன்று அலாரத்துக்கு. குறித்த நேரம் வந்ததும் சிறு சுத்தியல் ஒன்று, பின்மூடியில் நட்டிருக்கும் ஊசியைப் படபடவென்று தட்டும். இனிமையான மணியோசையை எதிர்பார்க்க வேண்டாம். பழைய மேசை அலாரத்தின் கரகரப்பு அது. 1959இல் ஆழ்கடல் மூழ்குவோருக்கான அலாரக் கடிகாரமும், 1968இல் போலாரிஸும் இதிலிருந்து கிளைத்தன. நீருக்கடியில் காதால் கேட்பது கடினம் என்றாலும், மணிக்கட்டில் அதிர்வு தெரியும். மேலே வர வேண்டிய நேரத்தை அது உணர்த்தும்.

1967இல் வந்த 920ஆம் எண் மெஷினைப் பற்றிச் சொன்னால், நான் தொடக்கத்தில் சொன்னது முழுதும் விளங்கிவிடும். தானாக முறுக்கிக்கொள்ளும் இந்த மெஷினின் தடிமன் 2.45 மில்லிமீட்டர், தேதி காட்டும் வடிவத்தில் 3.05. கை அசையும்போது சுழலும் எடைத்தகடு, விளிம்பில் ஒரு வளையத்தோடு மாணிக்கக்கல் உருளைகளின் மேல் ஓடுகிறது. இதைச் சற்றே மாற்றியமைத்துப் பயன்படுத்திய நிறுவனங்கள் மூன்று: ஓடமார் பிகே, படேக் ஃபிலிப், வஷெரோன் கான்ஸ்டன்டைன். ஓடமார் பிகேயின் 1972இன் ராயல் ஓக், படேக் ஃபிலிப்பின் 1976இன் நாட்டிலஸ், வஷெரோன் கான்ஸ்டன்டைனின் 1977இன் 222 ஆகிய மூன்று கடிகாரங்களுக்கும் உயிர் கொடுத்தது இந்த ஒரே அடிப்படை மெஷின்தான். இன்று ஏலங்களில் பெரும் தொகைக்குப் போகும் அந்தக் கடிகாரங்களைப் பற்றிப் பேசுவோரில் பலருக்கு ல சாந்தியேவின் பெயர் தெரியாது. ஜேஜர்-லெகூல்த்ரோ, தான் செய்த இந்த மெஷினைத் தன் பெயர் பொறித்த கைக்கடிகாரத்தில் வைத்ததே இல்லை.

1969இல் ஜப்பானின் சைக்கோ, மின்கலத்தால் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு சுவிஸ் தொழில் ஆட்டம் கண்டது. மலிவான குவார்ட்ஸ், விலையுயர்ந்த மெஷினைவிடச் சரியாக நேரம் காட்டியது. ரிவெர்சோ அதற்கு முன்பே வழக்கொழிந்திருந்தது. 1972இல் இத்தாலிய விநியோகஸ்தர் ஜார்ஜியோ கோர்வோ தொழிற்சாலைக்கு வந்தபோது, மெஷின் இல்லாமல் கிடந்த சுமார் 200 ரிவெர்சோ உறைகளைக் கண்டார். அவற்றை வாங்கி, மெஷின் பொருத்தி இத்தாலியில் விற்பனைக்கு வைத்தார்; ஒரு மாதத்துக்குள் அத்தனையும் தீர்ந்தன. நிறுவனம் மீண்டும் ரிவெர்சோ செய்யத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். ஒரு நிறுவனம் தன்னிடமுள்ள செல்வத்தைத் தானே மறந்து, வெளியாள் ஒருவர் வந்து எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது என்பதை நான் வருத்தத்தோடும் வியப்போடும்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

1978இல் நிறுவனம் ஜெர்மனியின் வி.டி.ஓ. குழுமத்தின் கைக்குப் போனது. பின்னர் நிர்வாகி குன்ட்டர் ப்ளூம்லைனின் வழிகாட்டுதலில் ஐ.டபிள்யூ.சி.யோடும் ஜெர்மனியின் லாங்கேவோடும் ஒரே குடும்பமாகி, 2000ஆம் ஆண்டில் ரிஷ்மோன் என்ற சொகுசுப் பொருள் குழுமத்தில் சேர்ந்தது. ப்ளூம்லைன் காலத்தில்தான் மெஷின் கடிகாரம் நேரம் பார்ப்பதற்கான கருவி என்ற நிலையிலிருந்து, கைத்திறனுக்காகப் போற்றப்படும் பொருள் என்ற நிலைக்கு நகர்ந்தது. 1991இல் ரிவெர்சோவின் 60ஆம் ஆண்டுக்காக 500 மட்டும் செய்தார்கள். அதைத் தொடர்ந்து 2000ஆம் ஆண்டுவரை டூர்பில்லான் (பேலன்ஸைச் சுழலும் கூண்டுக்குள் வைத்துப் புவியீர்ப்பால் வரும் பிழையைக் குறைக்கும் அமைப்பு), மணியோசை, ஓட்டநேரம், உலக நேரம், நிரந்தர நாள்காட்டி என்று ஒவ்வொரு நுட்பத்தையும் அந்தச் செவ்வகத்துக்குள் அடக்கி, ஒவ்வொன்றிலும் 500 வெளியிட்டார்கள். வட்ட மெஷினுக்காக வளர்ந்த நுட்பங்களைச் செவ்வகத்துக்கு மாற்றுவதென்றால் மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

1994இல் வந்த டுவோஃபேஸ் இன்னும் புத்திசாலித்தனமானது. ஒரே மெஷின் இரு பக்கமும் முட்களை ஓட்ட, முன்புறம் ஓர் ஊரின் நேரத்தையும், கவிழ்த்தால் இன்னோர் ஊரின் நேரத்தையும் காட்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு இதைவிடப் பொருத்தமான கடிகாரம் இருக்குமா என்று தெரியவில்லை. 2021இல் இதே எண்ணத்தின் உச்சமாக, நான்கு முகங்களில் 11 நுட்பங்களைக் காட்டும் ரிவெர்சோ வந்தது. அதைப் பத்தே எண்ணிக்கையில் செய்கிறார்கள்.

இன்று கிடைப்பவற்றில் ரிவெர்சோ முதலிடத்தில் நிற்கிறது. வட்ட முகப்பில் அடக்கமான அழகை விரும்புவோருக்கு மாஸ்டர் வரிசை. 1992இல் அது தொடங்கியபோது, மெஷினை மட்டும் சோதிக்கும் வழக்கத்தை விட்டு, உறையில் பொருத்திய முழுக் கடிகாரத்தையும் 1,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ ஆறு வாரம் சோதித்த பிறகே விற்பது என்ற நடைமுறை வந்தது. விளையாட்டுத் தோற்றத்துக்குப் போலாரிஸ், பெண்களுக்கான ரான்தே-வூ, நேரத்துக்கு ஒரு விசையும் கூடுதல் நுட்பத்துக்குத் தனி விசையுமாகப் பிரித்துத் தரும் டுவோமேத்ர் ஆகியவையும் உண்டு. உச்சியில் நிற்பது மிகச் சிக்கலான கடிகாரங்களின் வரிசையான ஹிப்ரிஸ் மெக்கானிகா. அதற்கு முன்னோடியாக 2004இல் வந்த ஜைரோடூர்பில்லானில், பேலன்ஸ் சக்கரம் கூண்டோடு சேர்ந்து இரண்டு அச்சுகளில் ஒரே நேரத்தில் சுழல்கிறது. எந்த நிலையில் கையை வைத்தாலும் புவியீர்ப்பால் வரும் பிழை சராசரியாகிக் கரைந்துவிட வேண்டும் என்பதற்காக. வாங்க நினைப்பவருக்கு நான் சொல்வது, நுட்பங்கள் ஏதும் இல்லாத, கையால் சாவி கொடுக்கும் எளிய ரிவெர்சோ ஒன்றே இந்த நிறுவனத்தை முழுமையாக அறியப் போதும்.

இனி உங்கள் கடிகாரத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இந்த நிறுவனம் பல பத்தாண்டுகள் ‘லெகூல்த்ர்’ என்ற பெயரில் மட்டுமே விற்பனை செய்தது. முழுக் கடிகாரமாக இறக்குமதி செய்தால் சுங்க வரி கடுமையாக இருந்ததால், சுவிட்சர்லாந்திலிருந்து மெஷின் மட்டும் வரும். உறையை அமெரிக்க நிறுவனங்கள் செய்து பொருத்தும். ஆகவே உங்கள் பெரியப்பா 1950களில் அங்கே வாங்கியதில் ‘ஜேஜர்’ என்ற சொல் இல்லாததுதான் முறை. பின்மூடியின் உட்புறத்தில் அமெரிக்க உறைத் தயாரிப்பாளரின் முத்திரை இருந்தாலும் திடுக்கிட வேண்டாம். மெஷினில் லெகூல்த்ர் பெயரும், மெஷின் வகை எண்ணும், பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் பாலத்தில் வி.எக்ஸ்.என். (VXN) என்ற மூன்று எழுத்துகளும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த மூன்றெழுத்து, அமெரிக்க இறக்குமதிக்கு இந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட குறியீடு. இரண்டு குமிழ்கள் இருப்பதால் அது அலாரக் கடிகாரமாக, அதாவது மெமோவாக்ஸாக இருக்க வேண்டும். முகப்பின் நடுவில் அம்புக்குறியோடு தனியே சுழலும் சிறு வட்டம் இருந்தால் ஐயமே இல்லை. அந்தக் கால மெமோவாக்ஸில் சாவி கொடுக்கும் வகை மெஷின்களின் எண்கள் பெரும்பாலும் 489 அல்லது 814. மேல் குமிழ் அலாரத்துக்கு, கீழ்க் குமிழ் நேரத்துக்கு.

ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக இப்போது சாவி கொடுக்காதீர்கள். பல ஆண்டுகளாகக் கிடந்த கடிகாரத்தில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் ஓடினால் சக்கரங்களின் அச்சு தேயும். முழுவதும் பிரித்துக் கழுவி எண்ணெய் இடத் தெரிந்த, பழைய மெஷின்களில் கை பழகிய ஒருவரைத் தேடுங்கள். பின்மூடியைத் திறப்பவரிடம் அது அலாரக் கடிகாரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூடியில் நட்டிருக்கும் ஊசி வளைந்தால் அலாரம் அடிக்காது. உறையைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கவும், மங்கிய முகப்பைப் புதிதாக எழுதவும் யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். பெரியப்பா பார்த்த முகப்பு அப்படியே இருப்பதில்தான் அதன் மதிப்பு. உதிரி உறுப்பு கிடைக்காவிட்டால் ல சாந்தியேவுக்கே அனுப்ப வழியுண்டு. செலவும் காத்திருப்பும் கூடுதல். ஆனால் 1833 முதல் தாம் செய்த எந்தக் கடிகாரத்தையும் சீரமைப்பதாகச் சொல்லும் ஒரு பிரிவு அங்கே இருக்கிறது. பழைய அச்சுகளையும் பதிவேடுகளையும் அவர்கள் பாதுகாத்து வைத்திருப்பதால், தேவைப்பட்டால் இல்லாத உறுப்பைப் புதிதாகச் செய்தும் பொருத்துவார்கள்.